தூர்டிஸ் சொன்ன ஓடை

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்று எக்ஸ்திரமதூராவில் நானூற்றுப் பன்னிரண்டு மீற்றர் ஏறினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் உச்சி. வியர்க்கவில்லை. அலுவலகத்தில் குளிரூட்டி நன்றாக வேலை செய்கிறது.

ஸ்பெயினின் மேற்குப் பக்கம். கருவாலி மரங்கள், கருங்கல் பாறைகள், பன்றிகள், பிணந்தின்னிக் கழுகுகள். நோர்வேக்காரர் அங்கே போய் நடப்பதற்கு எங்கள் நிறுவனம் விடுமுறை விற்கிறது. நடைபாதைகளை எழுதுவது நான். வரைபடம், வானிலிருந்து எடுத்த படம், முன்பு போனவர்களின் கைபேசிப் படங்கள், பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பானிஷ். இவ்வளவும் போதும், கால் தேவையில்லை.

கட்டுரைகளின் கீழே என் பெயர் இல்லை. "தூர்டிஸ், 58 வயது, வால்டிரெஸ் பள்ளத்தாக்கு. பாம்சே என்ற நாயுடன் நாற்பது வருடமாக நடக்கிறாள்." அப்படி ஒருத்தி இல்லை. படம் விலைக்கு வாங்கியது. நாற்பது வருடமாக ஒரே நாய் எப்படி என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

நான் சாருகா. 27 வயது. நோர்வேத் தலைநகரின் ஓரத்து அம்மருட்டில் பிறந்து வளர்ந்தவள். நாயில்லை. முதுகலை ஆய்வேடு நவீனக் கவிதையில் மௌனம் பற்றியது. ஆறு பேர் வாசித்தார்கள், அதில் இரண்டு பேர் சம்பளத்துக்கு.

7 ஆகஸ்ட், வியாழன்

ஒன்பதாம் பாதை முடிந்தது. நான்காவது கிலோமீற்றரில் வரைபடத்தில் ஒரு நீலக் கோடு. எழுதினேன்: "இங்கே ஓடை. போத்தலை நிரப்பிக்கொள்ளலாம், ஒரு சிறு போத்தலே போதும்." லில்லோமார்க்கா காட்டுக்குப் பாலர் பள்ளியில் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து எனக்கு இப்படித்தான். நீலக் கோடு என்றால் தண்ணீர். குனிந்து குடிக்க வேண்டியதுதான்.

16 ஆகஸ்ட், சனி

அம்மா அப்பாவிடம் சாப்பாடு. நண்டுக்கறி.

அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று வைத்தியர் சொல்லி ஒரு வருடம். அன்றிலிருந்து நடை. பஸ் கராஜில் கூட வேலை செய்த எட்வேட் மாமாவும் அவரும், ஆளுக்கு இரண்டு தடி, காலை எட்டு மணிக்குக் காட்டுக்குள். முப்பது வருடம் ஜன்னலால் மட்டும் பார்த்த காடு.

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "பிள்ளை, உனக்கு இந்தத் தூர்டிஸைத் தெரியுமோ?"

நண்டுக்கால் தொண்டைக்குள் போய்விட்டது.

"ஸ்பெயினிலை நடக்கிறதைப் பற்றி எழுதுறா. வெள்ளைச்சி எண்டாலும் என்ன வடிவா எழுதுறாள் எண்டு பாரன். நடந்த கால் எழுதினது மாதிரி."

எல்லாவற்றையும் நூலகத்தில் அச்செடுத்து, ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். என் ஆய்வேடும் அந்த வீட்டில் இருக்கிறது. இணையப் பெட்டிக்கு அடியில். உயரம் சரியாக வருகிறதாம்.

செப்டம்பர் 24க்கு இரண்டு பேருக்கும் விமான ரிக்கெற் போட்டாயிற்று. ஒன்பதாம் பாதை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லவில்லை. ஏன்?

என் அப்பா என் எழுத்தை விரல் வைத்து வாசிக்கிறார். அடிக்கோடு போடுகிறார். இருபத்தேழு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான வாசகர் — வேறொருத்தியின் வாசகர். பொறாமை. தூர்டிஸ் மேல்.

2 செப்டம்பர், செவ்வாய்

பதினான்காம் பாதைக்காக வரைபடத்தின் குறிப்புப் பட்டியலை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். முழு நீலக் கோடு: ஆறு. விட்டு விட்டுப் போகும் நீலக் கோடு: மழைக்காலத்தில் மட்டும்.

ஒன்பதாம் பாதையைத் திறந்தேன். விட்டு விட்டுப் போகிறது.

அந்தக் கிராமத்துக் கோப்பிக்கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண். "ஓடையா? மார்ச்சில் வாருங்கள்" என்றாள்.

இணையத்தில் அந்த வசனத்தை உடனே அழித்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதை எப்படி அழிப்பது?

5 செப்டம்பர், வெள்ளி

அப்பாவுக்கு அழைத்தேன்.

"அப்பா, தண்ணி நிறையக் கொண்டு போங்கோ. அங்கை சரியான வெக்கை."

"சும்மா பாரத்தைத் தூக்கேலாது பிள்ளை. ஓடை இருக்கு. தூர்டிஸ் போட்டிருக்கிறா."

"இணையத்திலை இப்ப அப்பிடி இல்லை. மாத்தியிருக்கினம்."

"அது கொம்பியூட்டர் பிழையாயிருக்கும். என்னட்டைப் பேப்பர் இருக்கு."

பின்னால் அம்மாவின் குரல்: "கடைக்குப் போறதுக்கே ரெண்டு போத்தல் தண்ணி கொண்டுபோற மனிசன்! இப்ப வெள்ளைச்சி சொன்ன உடனை பார்."

ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டியிருந்தது. வசனம் எழுதுவதற்கென்றே ஐந்து வருடம் படித்தவள் நான்.

9 செப்டம்பர், செவ்வாய்

ரிக்கெற் எடுத்தேன். மூன்றாவது ஆள். அப்பா சிரித்தார். "உனக்கு நடக்கத் தெரியுமோ?"

25 செப்டம்பர், வியாழன். ஸ்பெயின்

எழுதியே ஆக வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கே இருபத்தாறு பாகை. அப்பா முன்னால், தாள் கையில். எட்வேட் மாமா நடுவில். ஆளுக்கு அரை லீற்றர் போத்தல். நான் கடைசியில், ஆறு லீற்றர் முதுகில், கல் சுமப்பவள் மாதிரி.

"என்ன பிள்ளை, உந்தப் பைக்குள்ளை? வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தனியோ?" எட்வேட் மாமா.

"உடுப்பு, மாமா."

ஒவ்வொரு வளைவிலும் அப்பா நின்று உரக்க வாசித்தார். "'இந்த இடத்தில் மௌனம் காதில் விழும்' எண்டு போட்டிருக்கிறா." காதில் விழுந்தது நூறு பன்றிகள். அப்பா தூர்டிஸை விட்டுக்கொடுக்கவில்லை. "அவ வந்த நேரம் பன்றியள் நித்திரையாக்கும்."

மரங்களைப் பற்றி நான் எழுதியது சரி. தக்கைக்காகப் பட்டை உரித்த அடிமரங்கள் அப்படியே சிவப்பு. அது எனக்கே அதிர்ச்சி. கழுகுகள் நான் எழுதியதைவிடப் பெரியவை, நான் எழுதியதைவிட எங்களில் அக்கறையாக இருந்தன.

நான்காவது கிலோமீற்றர். ஓடை.

வெள்ளைக் கற்கள். சாம்பல் நிற மண் வெடித்துக் கிடந்தது. நடுவில் யாரோ விட்டுப்போன ஒரு பிளாஸ்டிக் கதிரை. அவ்வளவுதான்.

இரண்டு போத்தலும் எப்போதோ காலி. அப்பா தாளைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். "கொஞ்சம் மேலை போனால் இருக்கும்" என்று ஏறத் தொடங்கினார். அப்போதும் நம்பினார். எட்வேட் மாமாவின் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கதிரையில் விழுந்தமாதிரி இருந்தார். முகம் பழுத்த தக்காளி. உதடு வெள்ளை.

பையைத் திறந்தேன். நான்கு பெரிய போத்தல்.

அப்பா இறங்கி வந்தார். தண்ணீரைத் தொடவில்லை.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பா. தூர்டிஸ் எண்டு ஒருத்தரும் இல்லை. அது நான்தான் எழுதினது."

"நீ இஞ்சை வந்தனியோ?"

"இல்லை. இண்டைக்குத்தான்."

மௌனம் காதில் விழுந்தது, எழுதியபடியே.

முதலில் உடைந்தது எட்வேட் மாமாதான், வாயில் தண்ணீரோடு: "எடேய் சோதி! ரெண்டு மாசமா என்ரை உயிரை எடுத்து நீ புகழ்ந்து தள்ளினது உன்ரை மோளை எல்லோ!"

அப்பா சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு:

"நாயும் இல்லையோ?"

"இல்லை அப்பா."

தலையாட்டினார். அதற்குத்தான் மிகவும் கவலைப்பட்டார் போல.

திரும்பிவிட்டோம். பாதையின் பெருமையே கடைசியில் வரும், உருளாமல் நிற்கும் சமநிலைப் பாறைதான். அதற்கு இன்னும் அரைக் கிலோமீற்றர். வாடகைக் காரடியில் நின்று அப்பா சொன்னார்:

"முந்தி நீ எழுதினது எனக்கு ஒண்டும் விளங்கிறேல்லை. ஒருத்தருக்கும் சேதமில்லை. இது விளங்கிச்சுது."

அவ்வளவுதான் சொன்னார். என் எழுத்துக்கு வந்த விமர்சனங்களில் இதுதான் சரியானது.

26 செப்டம்பர், வெள்ளி

காலை ஆறரைக்குக் கதவில் தட்டல். அப்பா. இரண்டு பைகளில் எட்டு லீற்றர்.

"வெளிக்கிடு. எட்வேட் படுக்கட்டும்."

தாளை எடுத்தார். வாசிப்பதற்கல்ல. "நட. நான் எழுதுறன்." எங்கே நிழல், எந்தப் படலையைத் திறந்து திரும்பக் கட்ட வேண்டும், எங்கே கால் சறுக்கும். பஸ்ஸில் பழுது குறித்து வைத்த ஆள். தாளின் ஓரமெல்லாம் நிரம்பிவிட்டது.

பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். "அடுப்பிலிருந்து எடுத்த பாண் போல" என்று எழுதியிருந்தேன். அப்பா அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"பாணும் இல்லை, ஒண்டும் இல்லை. கல்லு."

நல்ல பெரிய கல். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

6 ஒக்ரோபர், திங்கள்

மேலதிகாரியிடம் சொன்னேன்: பதினேழு பாதை, ஒன்றைத்தான் நடந்திருக்கிறேன். அவர் யோசித்துவிட்டு, "ஆனால் தூர்டிஸ் நடந்திருக்கிறாள்தானே" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தூர்டிஸ் இருப்பாள். அவளுக்கு வாடிக்கையாளர்கள் கடிதம் எழுதுகிறார்கள்.

எல்லா ஓடைகளையும் நானே அழித்தேன். கூடவே மௌனங்களையும். பக்கங்கள் மெலிந்து போய்விட்டன என்கிறார். ஐந்து வருடத்துக்கு முன் இதையே நவீனத்துவம் என்றிருப்பேன். வசந்த காலத்தில் அங்கே போய் நடக்கச் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டேன். ஏப்ரல் தந்தார்.

19 ஒக்ரோபர், ஞாயிறு

அப்பாவோடு லில்லோமார்க்கா. மழைத் தூறல். அவர் பையில் மூன்று லீற்றர்.

"அப்பா, பக்கத்திலை ஏரி."

"தெரியுது. ஆர் எழுதின ஏரி எண்டு தெரியாது."

வீட்டுக்கு வந்து கால் துடைக்கும்போது பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒன்பதாம் பாதை, புது உறைக்குள். நான்காவது கிலோமீற்றரில் சிவப்புப் பேனா: "ஓடை இல்லை. கதிரை உண்டு." கீழே தூர்டிஸ் என்பதை வெட்டி, மேலே "சாருகா சோதிலிங்கம்". 58ஐ வெட்டி 27. வால்டிரெஸை வெட்டி அம்மருட். நாற்பது வருடத்தை வெட்டி இரண்டு நாள்.

நாயை மட்டும் வெட்டவில்லை.