நாமும் நாங்களும்

அன்புள்ள ப்ரியா,

பிரஸ்ஸல்ஸ் கருத்தரங்கில் நீ பேசியதை வைஷுவும் நானும் யூட்யூபில் பார்த்தோம். நெருக்கடிக் காலத்தில் ஐரோப்பாவின் வெளியுறவுக் கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்று அழகாகச் சொன்னாய். "அம்மா என்னப்பா சொல்றா?" என்று வைஷு கேட்டாள். நட்பைப் பற்றி என்றேன்.

போன தடவை வந்தபோது உன் ஐரோப்பிய மேலதிகாரிகளைப் புனேயில் கசார்வாடிக்கு, நம் போல்ட் பட்டறைக்கு அழைத்து வந்தாயே. கையில் வடா பாவோடு ஒருவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என் அம்மாவுக்கு நீதான் அதைத் தமிழில் சொன்னாய்: "கஷ்ட காலம் வந்தா நாம சேர்ந்தே தாண்டிடலாம்னு சொல்றார்மா." அந்த 'நாம'வை நம்பித்தான் ஐரோப்பிய ஆர்டருக்காகப் புது மெஷின் வாங்கினேன்.

அங்கே கஷ்ட காலம் வந்தது. இங்கிருந்து போகும் இரும்புக்குக் கார்பன் வரி போட்டார்கள். ஆர்டர் நின்றது, மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். இதென்ன நியாயம் என்று போனில் கேட்டேன். "எங்க தொழிற்சாலைகளை நாங்க காப்பாத்திக்க வேண்டாமா?" என்றாய்.

இங்கிலீஷில் சொல்லியிருந்தால் எனக்கு உறைத்திருக்காது. அதில் 'நாம'வுக்கும் 'நாங்க'வுக்கும் ஒரே சொல்தான். தமிழில் சொல்லிவிட்டாய்.

இந்தத் தீபாவளிக்கும் வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். சரி.

வைஷுவுக்குப் பரீட்சை முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

நாங்கள் நலம்.

இப்படிக்கு,
வைஷுவின் அப்பா