மூன்றாம் பகுதிக்குப் பின் மௌனம்

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுவதும் ஒரு நாற்காலியின் முனகலை வெட்டிக்கொண்டிருந்தேன். வயோலாக்காரர் (வயலினைவிடச் சற்றே பெரியது வயோலா) உருகி வாசித்தால் பின்னுக்குச் சாய்வார். அவர் சாய்ந்தால் நாற்காலியும் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும். ஒரே பகுதியைப் பலமுறை வாசிக்கச் சொல்லி, நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, ஒரே மூச்சில் வாசித்ததுபோல் காட்டுவது என் பிழைப்பு. கேட்கிறவர்கள் “பிசிறே இல்லை” என்று மெச்சுவார்கள். பிசிறெல்லாம் என் குப்பைத்தொட்டியில் அல்லவா இருக்கிறது!

நாளையோடு இந்த நால்வர் குழுவின் பதிவு முடிகிறது. முதல் வயலின் என் தங்கை. செல்லோ, அதாவது தரையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின், அவள் கணவர். சொந்தபந்தத்தைத் தொழிலுக்குள் விடாதே என்று முதலாளி எனக்குப் புத்தி சொன்னார். அவருடைய கணக்குப்பிள்ளை அவருடைய மச்சான்.

மார்ச் 4, புதன்

கெட்டது குடி.

கடைசிக்கு வைத்திருந்த மெதுவான மூன்றாம் பகுதி முடிந்ததும், வாசித்ததைக் கேட்கத் தங்கை கண்ணாடிக்கு இந்தப்பக்கம் எங்கள் அறைக்கு வந்தாள். மற்ற மூவரும் உள்ளேயே இருந்தார்கள். கேட்டு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் மைக்கை மறுபடி ஏற்றினார். (அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பாம்புச்செவி.) மைக் ஏறிவிட்டால் உள்ளே முணுமுணுத்தாலும் இங்கே முழங்கும். இத்தனை இசைத்தட்டு போட்ட தங்கை கணவருக்கு இது தெரியாதா? தெரியும். மறந்துவிட்டார்.

வயோலாக்காரரிடம் சொல்கிறார்: “அவளுக்கு முன்ன மாதிரி கை வரலப்பா. யாராவது சொல்லணும். நான் சொல்லமாட்டேன்.”

சொல்லிவிட்டாரே! அதுவும் எங்கள் நிறுவனத்திலேயே விலை உயர்ந்த ஒலிபெருக்கியில்.

தங்கை உள்ளே போய் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பதிவின் கடைசியில் எப்போதும் ஒரு காரியம் பாக்கி இருக்கும். எல்லாரும் அசையாமல் உட்கார, அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்வோம். பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே நான் வைப்பது அதைத்தான். அங்கே வெறும் சூனியத்தை வைத்தால் கேட்பவருக்குக் காது அடைத்ததுபோல் இருக்கும்.

பாதி மௌனத்தில் அவள் எழுந்தாள். வயலினைப் பெட்டியில் வைத்தாள். போய்விட்டாள். கதவைச் சாத்தியவிதம் இருக்கிறதே...

“கதவு அருமையா பதிவாயிருக்கு” என்றார் பாம்புச்செவி. உதைக்கலாம்போல் இருந்தது.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது என் வாசலில் வயலின் பெட்டியும் ஒரு பையும் அவளும்.

மார்ச் 7, சனி

மூன்று நாளாக வயலினைத் தொடவில்லை. சமைத்ததைக் குறை சொல்கிறாள், என் திரைச்சீலையைக் குறை சொல்கிறாள், அவரைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. கல்லூரியிலிருந்தே வா, போ என்று பேசிக்கொண்ட ஜோடி. இப்போது அவர் பேரைச் சொன்னாலே எழுந்து ஜன்னலைத் திறக்கிறாள்.

காலையில் ஊறுகாய்ப் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திறக்கப் போராடுவதைப் பார்த்தேன். கையில் என்னடி என்றால், மூடி ஈரமாம். துடைத்துப் பார்த்தேன். காய்ந்த மூடி.

அப்படியானால் அவர் சொன்னது... வேண்டாம். இதை எழுதமாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

செல்லோ எனக்குப் போன் செய்து உங்கள் பக்கம் வெயில் எப்படி என்று விசாரித்தார். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்.

மார்ச் 11, புதன்

கதவு கெடுத்த மௌனத்துக்குப் பதிலாக வேறு இசைத்தட்டிலிருந்து மௌனம் கடன் வாங்கி ஒட்டிப் பார்த்தேன். மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் நடுவே நால்வரும் வீடு மாற்றியதுபோல் இருந்தது.

முதலாளி சிரித்தார். “பேசாம உக்காரணும், அவ்வளவுதானே? அவங்க ரெண்டு பேருக்கும் அது இப்ப நல்லாவே வருமே.” பிறகு சிரிக்காமல் சொன்னார்: மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் இந்தத் தட்டு அலமாரிக்குப் போகும், அடுத்ததற்கு வேறு குழு.

தங்கையிடம் சொன்னேன். வந்து உட்கார்கிறேன், அதுதான் கடைசி, அப்புறம் அவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். பதினெட்டு வருஷம் சேர்ந்து வாசித்த குழு.

மார்ச் 16, திங்கள்

வந்தாள். உள்ளே போகமாட்டேன் என்று எங்கள் அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாலு உடம்பு இருந்தால்தான் அந்த அறையின் மௌனம் சரியாக வரும் என்று பாம்புச்செவி விளக்க ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் செல்லோ, வயோலா, இரண்டாம் வயலின். நடுவே ஒரு காலி நாற்காலி.

செல்லோ எழுந்து மைக்குக்குப் பக்கத்தில் வந்தார். “மைக் ஓடுதா?”

ஓடுது என்றார் பாம்புச்செவி.

“நல்லது” என்றார். மேடையில் ராஜா மாதிரி உட்காருகிற மனுஷன், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அப்புறம்: “அன்னிக்கு நான் சொன்னது தப்பில்ல. உன்கிட்ட சொல்லாம இன்னொருத்தர்கிட்ட சொன்னேன் பாரு, அதுதான் தப்பு.”

மன்னிப்புக் கேட்கிற லட்சணமா இது? இதைச் சொல்லவா இத்தனை பீடிகை? தங்கை இப்போது பெட்டியைத் தூக்குவாள் என்று நினைத்தேன். அவள் என் மேஜைமேல் சாய்ந்து, உள்ளே பேசுகிற பொத்தானை அழுத்தினாள்.

“மணிக்கட்டு வலிக்குது. ஆறு மாசமா.”

“தெரியும்.”

“தெரிஞ்சா கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா இல்லேன்னு சொல்லுவ.”

அவள் விரல் பொத்தானிலேயே இருந்தது. “வாசிக்க முடியாம போயிட்டா?”

“கை சரியாகட்டும். அதுவரைக்கும் நாங்க மூணு பேரும் சும்மா உக்காந்திருக்கோம்.”

மற்ற இருவரையும் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. ஆனாலும் இருவரும் தலையாட்டினார்கள். தங்கை பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவள் இங்கே நின்றாள். நான், வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன், மூக்கைக்கூட உறிஞ்சாமல் அழுதேன். தொழில் பழக்கம்.

எவ்வளவு நேரமோ. பாம்புச்செவி மெல்லத் தொண்டையைச் செருமினார். “இது போதும். பதிவாயிடுச்சு.”

“நாலு பேர் வேணும்னீங்களே?” என்றேன்.

“நாலு பேரும் இருந்தாங்களே” என்றார். அந்த மனுஷனை இனி உதைக்க நினைக்கமாட்டேன்.

மார்ச் 18, புதன்

வைத்தியர் ஆறு மாதத்துக்கு வயலினைத் தொடக்கூடாது என்றுவிட்டார். தங்கை தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பல்துலக்கியை மட்டும் இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள். முன்னெச்சரிக்கை.

ஜூன் 6, சனி

இசைத்தட்டு வந்துவிட்டது. பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே நாலு நொடி விடுவது எங்கள் வழக்கம். மூன்றாம் பகுதிக்குப் பின் மட்டும் ஏன் இவ்வளவு நீளம் என்று முதலாளி கேட்டார். அந்த இசைக்கு அது தேவை என்று வாய்கூசாமல் சொன்னேன்.

முதல் பிரதியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கையின் மணிக்கட்டில் பட்டை. செல்லோக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். அவள் பக்கத்தில் நின்று, துண்டுகள் சமமாக இல்லை என்று தாளம் பிசகியவரைத் திருத்துவதுபோல் திருத்துகிறாள். கண்ணீர் வெங்காயத்தாலா அவளாலா என்று நான் கேட்கவில்லை.

தட்டைப் போட்டோம். அவர் சமையலறை வாசலில் கத்தியோடு நின்று கேட்டார். மூன்றாம் பகுதி முடிந்தது. மௌனம் வந்தது. எந்த மௌனம் என்று நான் இருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“கொஞ்சம் நீளமா இருக்கே, அக்கா” என்றார் அவர்.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“இருக்கட்டும்” என்றாள்.