தலை வாரும்போது முனகியது

செப்டம்பர் 2, செவ்வாய்
புதிதாக ஒருவர் பியானோ கற்க வந்திருக்கிறார். கசிமிரோ. வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருஷம் கப்பலில் சமையல். என்னைவிட இருபத்தாறு வயது மூத்தவர் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவது கூச்சமாக இருக்கிறது.

“ஜனவரில மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் ரோஸ் சடங்குல அவ தலையில தேங்காப்பால் ஊத்துவாங்கல்ல, அப்போ நான் வாசிக்கணும். ஒரே ஒரு பாட்டு போதும்.”

விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் தடிமன்.

செப்டம்பர் 16
புத்தகத்தில் முதல் பாடம் ஆட்டுக்குட்டிப் பாட்டு. உருளைக்கிழங்கு எண்ணுகிற மாதிரி வாசித்தார்.

“ஆட்டுக்குட்டியை நான் குழம்புதான் வெச்சிருக்கேன் டீச்சர்.”

சிரித்தோம். ஆனால் அடுத்த வாரம் எல்லாம் மறந்திருக்கும். தெரிந்த மெட்டு என்றால் விரல் தானே தேடிப் போகும். காது அறியாததைக் கை எங்கே போய்த் தேடும்?

செப்டம்பர் 30
மாதா கோவில் பாட்டு ஒன்றைச் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூசைக்குப் போனவருக்கு அதுவும் புதுசு. கல்யாணப் பாட்டுகளோ அங்கும் இங்கும் தாவுகின்றன. சமைக்கும்போது என்ன முனகுவீர்கள் என்று கேட்டேன்.

“எங்க? கப்பல் அடுப்படி ஃபேன் சத்தத்துல என் குரலே எனக்குக் கேக்காது.”

அக்டோபர் 11
மட்காவ் சந்தையில் அவர் மகள் ஒலிந்தாவைப் பார்த்தேன். அப்பா வீட்டில் என்ன பாட்டு முனகுவார் என்று கேட்டது தப்பாகிவிட்டது.

“வீட்டுல இருந்தாத்தானே டீச்சர்? அம்மா அடக்கத்துக்கே நாலு நாள் கழிச்சு வந்தவர். என் ரோஸ்ல அவர் ஒண்ணும் வாசிக்க வேணாம். சொல்லிடுங்க.”

நானா சொல்வது?

அக்டோபர் 14
சொல்லவில்லை. கோழை.

அக்டோபர் 19
ஞாயிறு மதியம் ஒலிந்தாவே வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“நேத்து அவர் சாப்பாட்டு மேஜையில விரலால தட்டிட்டிருந்தார். திரும்பத் திரும்ப. நான் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டு.” பியானோவைத் திரும்பிப் பார்த்தாள். “ஒரு மெட்டு இருக்கு. எனக்குத் தலை வாரும்போது அம்மா முனகுவாங்க. வார்த்தை கிடையாது. அப்பாவுக்குத் தெரியாது.”

முனகினாள். ஐந்தே ஸ்வரம், விரலுக்கு ஒன்று. கையை நகர்த்தவே வேண்டாம்! ஒன்றரை மாதமாக நான் புத்தகம் புத்தகமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்குத் தெரிந்த மெட்டு. அவருக்குத் தெரியாத மெட்டு. என்ன செய்ய?

அக்டோபர் 21
யாருடையது என்று சொல்லித்தான் வாசித்துக் காட்டினேன். மடியில் கை வைத்தபடி கேட்டார்.

“லூர்தீனா பாடுவாளா?”

ஆமாம் என்றேன். மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் தடவையும்.

“இருபத்தெட்டு வருஷம் என் பொண்டாட்டி, டீச்சர். எனக்குத் தெரியாதே...”

இன்று அவர் பியானோக் கட்டையைத் தொடவில்லை. நேரம் முடியும்வரை நான்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 2
ஆறு வாரமாக அந்த மெட்டின் நாலாவது ஸ்வரத்தில் தடுக்கிக்கொண்டே இருந்தார். “இரு, லூர்தீனா, வரேன்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இன்று கட்டையைப் பார்க்காமலே வாசித்தார்.

ஜனவரி 8
ரோஸ். என் சின்னக் கீபோர்டை எடுத்துப் போயிருந்தேன். ஒலிந்தா முக்காலியில். பெண்கள் ஒவ்வொருவராகத் தேங்காய்ப்பால் ஊற்ற, அவர் தொடங்கினார். பாதியில் நாலாவது ஸ்வரத்தில் தடுக்கி நின்றுவிட்டார். நான் எழுந்திருக்கப் போனேன்.

அதற்குள் ஒலிந்தா — கண்ணை மூடியபடி, முகத்தில் பால் வழிய — விட்ட இடத்திலிருந்து முனகினாள். அவர் விரல் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு போனது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

“அழாதடி, பால் உப்பாயிடும்,” என்றாள் அத்தை ஒருத்தி. சொன்னவளும் அழுதுகொண்டிருந்தாள்.

ஜனவரி 27, செவ்வாய்
கசிமிரோ வகுப்புக்கு வரவில்லை. நாலரைக்குப் போன் செய்தார்.

“மன்னிக்கணும் டீச்சர். ஒலிந்தா வந்திருக்கா. சும்மா பாக்க வந்தாளாம். வந்ததும் வராததுமா பசிக்குதுங்கிறா—”

பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம். “அப்பா, மீன் கருகுது!”

போனைக்கூட வைக்காமல் ஓடிவிட்டார்.