‘அதுவும் நல்லதுதானே’ என்ற பதிலுக்காக என் அக்காவுக்கு மறுக்கப்பட்ட சிகிச்சை

அனுப்புநர்:
டாரா ஓல்ஸ்டாட்,
வான்கோழி இறைச்சி ஆலைத் தொழிலாளி,
ஸ்டாவ்ரூட், வட டகோட்டா.

பெறுநர்:
மாநிலக் காப்பீட்டு ஆணையர் அவர்கள்,
பிஸ்மார்க், வட டகோட்டா.

பொருள்: என் அக்கா காரின் ஓல்ஸ்டாட் லூன்டின் இரத்தப்போக்குக்கு மருத்துவர் எழுதிய சிகிச்சையைக் கருத்தடை என்று சொல்லி நார்த் ஃபர்ரோ காப்பீட்டு நிறுவனம் மறுத்ததை, மார்ச் 14-க்கு முன் ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கல்லூரியை முதல் ஆண்டிலேயே விட்டவள். சுற்றி வளைத்து எழுத வராது. இந்த மனுவை அக்காவின் சம்மதத்தோடு அனுப்புகிறேன். அவள் கையெழுத்துப் போட்ட தாளை இணைத்திருக்கிறேன். முதலில் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ‘இரத்தம்’ என்று வரும் இடமெல்லாம் ‘அசௌகரியம்’ என்று மாற்றச் சொன்னாள். நான் மாற்றவில்லை.

2. காரினுக்கு இருபத்தொன்பது வயது. நாங்கள் இருவரும் ஆலையில் மார்புக்கறி வெட்டும் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். ஒன்றரை வருடமாக அவளுக்கு மாதவிடாய் நிற்பதே இல்லை என்று சொல்லலாம். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை. இரத்தசோகை முற்றி, படியேறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கருப்பைக்குள் ஒரு சிறிய ஹார்மோன் சாதனம் வைத்தால் இரத்தப்போக்கு குறையும், உடம்பு தேறியதும் அதை எடுத்துவிட்டுக் குழந்தைக்கு முயலலாம் என்று மருத்துவர் ரூத் அமுண்ட்சன் எழுதிக் கொடுத்தார். அக்காவும் அவள் கணவர் நீல்ஸும் குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள். இதைக் கவனத்தில் கொள்ளுங்கள் ஐயா. எல்லாம் இதைப் பற்றியதுதான்.

3. எங்கள் ஆலை முதலாளிக்குக் கருத்தடை மத நம்பிக்கைக்கு விரோதம். ஆகவே எங்கள் காப்பீட்டில் ‘கருத்தடைக்காக’ எதுவும் கிடையாது. அதைப் பற்றி நான் இங்கே சண்டை போட வரவில்லை; அதற்கு வேறு மனு எழுதுவேன். ஆனால் அதே காப்பீட்டில் இரத்தப்போக்குக்கான சிகிச்சை உண்டு என்று அச்சடித்திருக்கிறது. மருத்துவரும் காரணம் இரத்தப்போக்கு என்றுதான் எழுதியிருக்கிறார். அப்படியிருக்க மறுப்பு எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன்.

4. நார்த் ஃபர்ரோவிலிருந்து போன் வந்தபோது நாங்கள் சாப்பாட்டு அறையில் இருந்தோம். அக்காவின் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். எதிரே எங்கள் வரிசையில் வேலை பார்க்கும் சோமாலியாக்காரி ஹோடன் உட்கார்ந்திருந்தாள்.

“மேடம், இது கர்ப்பம் ஆகாம இருக்கவும் உதவும்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியுங்க.”

“அந்தப் பலனும் உங்களுக்கு வேணும்னு எடுத்துக்கலாமா?”

“ஓ, அதுவும் நல்லதுதானே. உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா சரிங்க.”

போனை வைத்ததும் ஹோடன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஏன்டி, அவன் என்ன உனக்குக் காபியா ஊத்துறான்? சரி சரின்னு தலையாட்டுற!”

“பாவம், அந்தப் பையன் எவ்வளவு மரியாதையாக் கேட்டான்,” என்றாள் அக்கா.

ஐயா, நீங்களும் இந்த மாநிலத்தவர். எங்களை உங்களுக்குத் தெரியும். பனியில் கார் கவிழ்ந்து தலைகீழாகத் தொங்குகிறவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், இதைவிட மோசமாகியிருக்கலாம் என்றுதான் சொல்வான். கேட்டவர் மனம் கோணக் கூடாது என்று பதில் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஒரு பதிலை வைத்து, ‘உறுப்பினரே கருத்தடை நோக்கத்தை ஒப்புக்கொண்டார்’ என்று மறுப்புக் கடிதம் அனுப்பினார்கள். மேல்முறையீடு செய்தோம். அதே வரியைத் திருப்பி அனுப்பினார்கள்.

5. நான் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னாள்:

“கவலையே படாதீங்க. கருப்பையை எடுக்குற ஆபரேஷனுக்கு முழு காப்பீடு உண்டு. அனுமதி சீக்கிரமே வந்துடும்.”

“கதவு கிரீச்சிடுது, கொஞ்சம் எண்ணெய் போடுங்கன்னா, வீட்டையே இடிச்சுத் தர்றேங்கிறீங்களே!”

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

6. அதன்பின் நடந்ததையும் எழுத வேண்டும். எங்கள் வரிசையில் நாள் முழுவதும் பறவையின் இரத்தம் ஓடும், அது வேலை. மனித இரத்தம் ஒரு சொட்டு விழுந்தாலும் வரிசையை நிறுத்த வேண்டும். அருகிலிருக்கும் கறியையெல்லாம் குப்பையில் கொட்டி, தரையையும் மேசையையும் மருந்து போட்டுக் கழுவ வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்கிவிட்டு மாற்று ஆள் வரும்வரை நிற்க வேண்டும். சென்ற மாதம் ஒருநாள் அக்கா கையைத் தூக்கியபடியே நின்றாள். ஆள் வரவில்லை. மணி அடித்தது, வரிசை நின்றது.

மேற்பார்வையாளர் லைல் ஓடி வந்தார். “கையை வெட்டிக்கிட்டியாம்மா? எங்க, காட்டு.”

“கை இல்ல, லைல்.”

அவர் கீழே பார்த்தார். காதுவரை சிவந்து போய் திரும்பிக்கொண்டார். வரிசைக் கடைசியிலிருந்து ஒருவன், “இன்னைக்கு போனஸ் போச்சு. ரொம்ப நன்றி மகாராணி!” என்று கத்தினான்.

“உங்கம்மா உன்னைப் பெத்தப்போ தேனும் பாலுமா ஊத்துச்சு? வாயை மூடுடா!” என்றாள் ஹோடன். தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அக்காவின் இடுப்பில் கட்டினாள்.

அக்கா எல்லோரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டாள். அப்படிக் கத்தினவனிடமும் கேட்டாள். மறுநாளே மருத்துவமனைக்குப் போன் செய்து, கருப்பையை எடுக்கத் தேதி வாங்கிவிட்டாள். மார்ச் 14.

7. வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டேன்.

“உனக்குக் குழந்தை வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு.”

“வேணும்டி.”

“அப்புறம் எதுக்குடி எடுக்கப் போற?”

“கேட்டுக்கிட்டே இருக்க வெக்கமா இருக்கு டாரா. எத்தனை பேரைத்தான் தொந்தரவு பண்றது?”

ஐயா, இது சம்மதம் அல்ல, சோர்வு. ஆனால் மருத்துவமனைப் படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கையெழுத்துதான்.

8. சொந்தச் செலவில் செய்துகொள்ளக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த அளவு பணம் எங்களிடம் இல்லை. இங்கே யாருக்காவது நோய் வந்தால் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பான்கேக் விருந்து வைத்து நிதி திரட்டுவோம். டிராக்டர் கவிழ்ந்தவருக்கு வைத்தோம், சிறுநீரகம் கெட்டவருக்கு வைத்தோம். அதற்கு நோயாளியின் படத்தையும் நோயின் பெயரையும் போட்டுப் பெட்ரோல் பங்க்கில் சுவரொட்டி ஒட்ட வேண்டும். மாதவிடாய்க்கு அப்படி ஒரு சுவரொட்டியை இந்த மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. மேலும், அவள் எதற்குக் கையேந்த வேண்டும்? ஒவ்வொரு சம்பளத்திலும் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். அவள் கேட்பது தானம் இல்லை.

9. எங்கள் காப்பீடு உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதுதானா என்று உங்கள் அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்தேன். ஆம் என்றார்கள். ஆகவே நான் கேட்பவை:

மருத்துவர் எழுதிய காரணத்தை வைத்து இந்தச் சிகிச்சைக்கு அனுமதி தரும்படி நார்த் ஃபர்ரோவுக்கு மார்ச் 14-க்கு முன் உத்தரவிட வேண்டும். நோயாளியைப் போனில் கூப்பிட்டு ‘அந்தப் பலனும் வேண்டுமா’ என்று கேட்பதை அந்த நிறுவனம் நிறுத்த வேண்டும். இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி மறுக்கப்பட்ட மற்றப் பெண்களின் விண்ணப்பங்களையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆலையில் மட்டும் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. என் பெயரைத் தாராளமாகப் போடலாம்.

10. அடுத்த திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பிஸ்மார்க் வருகிறேன். முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். அன்று நேரமில்லை என்றால் மறுநாளும் வருவேன்.

கடைசியாக ஒன்று. மருத்துவர் அமுண்ட்சனிடம் பேசிவிட்டேன். அந்தத் தேதியை அவர் அக்காவுக்காக எப்படியும் ஒதுக்கி வைத்திருக்கிறார். உங்கள் உத்தரவு வந்தால் அன்று சாதனத்தை வைப்பார். வராவிட்டால் கருப்பையை எடுப்பார். அதே அறை, அதே மேசை, அதே மருத்துவர். மேசைமேல் என் அக்கா படுத்திருப்பாள். எது நடக்க வேண்டும் என்பதை நீங்கள் எழுதி அனுப்புங்கள் ஐயா.

பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) டாரா ஓல்ஸ்டாட்

இடம்: ஸ்டாவ்ரூட்
நாள்: 24.02.2025

இணைப்பு: மருத்துவர் எழுதிய சீட்டு, இரண்டு மறுப்புக் கடிதங்கள், காரினின் சம்மதத் தாள்.