ஒரே காற்று, நாற்பது ஓட்டம்

ஜூன் 9, திங்கள்
மஸ்கெலியா. விடாத மழை. சமையலறையில் ஒழுகல், வாளி வைத்தாயிற்று.

கொழும்பு அலுவலகத்திலிருந்து சேர் அழைத்தார். தெற்குக் கடலில் ஒரு மீன்பிடிப் படகு. இயந்திரம் பழுது, மூன்று பேர், தொடர்பில்லை. நீரோட்டமும் காற்றும் அதை எங்கே இழுத்துப்போகும் என்று நம் கணினி மாதிரியை ஓட்டிச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே ஓட்டினேன். தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி நாற்பது ஓட்டம். நாற்பதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். வரைபடத்தில் தேட வேண்டிய இடத்துக்குச் சின்னப் பெட்டி போட்டு அனுப்பினேன்.

"அவ்வளவு உறுதியா?"

"ஆமா சேர்."

கொஞ்சம் பெருமைதான்.

ஜூன் 10
மழை. தேங்காய் வாங்க மறதி.

பெட்டி முழுக்கத் தேடியும் படகு இல்லையாம்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர், தூள் தயாரிப்புக்கு அவர்தான் பொறுப்பு. உட்காரும்போதே சிரிப்பு.

"காலையில ருசி பாக்குறேன், பன்னெண்டு கோப்பையும் சப்புன்னு இருக்கு. கொழுந்து வாட்டுறவங்கள எல்லாம் ஏசிட்டேன். கடைசியில பாத்தா கேத்தல் தண்ணி! நேத்து மிச்சத்தையே திரும்பக் கொதிக்க வச்சிருக்காங்க. பன்னெண்டும் ஒண்ணு போல இருந்தா நம்பத்தானே செய்வோம்?"

"மன்னிப்பு கேட்டீங்களா?"

"கேட்டேன். சிரிக்கிறாங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் நாற்பது ஓட்டத்துக்கும் ஒரே காற்றுத் தரவு. அது பிழை என்றால் நாற்பதும் சேர்ந்தே பிழை. ஒத்துப்போனதைப் பார்த்து உறுதி என்று சொல்லிவிட்டேன். மடைச்சி.

வேறு இரண்டு வானிலை மையங்களின் காற்றுத் தரவைப் போட்டு மறுபடி ஓட்டம். பெட்டி கிழக்கே நீண்டு ஐந்து மடங்கு. சேரிடம் சொல்ல வெட்கம். சொன்னேன்.

"இவ்வளவு பெரிசா? நேத்து உறுதின்னீங்களே மிஸ்?"

"அது என் பிழை சேர். காத்து எவ்வளவு தப்பும்னு நான் சேக்கல. அதையும் சேத்தா இவ்வளவு பெரிசாத்தான் சொல்ல முடியும்."

"சரி, அனுப்புங்க."

ஜூன் 11
வெயில்! மலை முழுக்கப் பச்சை. ரொட்டி, கட்டசம்பல். நன்றாகச் சாப்பிட்டேன், ஏனென்றால் பத்து மணிக்கே அழைப்பு வந்துவிட்டது. படகு கிடைத்துவிட்டது. பெரிய பெட்டியின் கிழக்கு ஓரத்தில். மூன்று பேரும் உயிரோடு. சத்தமாக அழுதேன், பக்கத்து வீட்டக்கா ஓடிவந்தார்.

படகுக்காரர் ஒருவர் சொன்னாராம், "இவ்வளவு தூரம் தேடி வருவீங்கன்னு நினைக்கவே இல்ல."

திங்கட்கிழமை நானும் நினைக்கவில்லை.