'வூ' என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம்

பண்டத்தரிப்பு,
12.9.1991

மதிப்புக்குரிய ஸ்ரேஷன் மாஸ்ரருக்கு,

நீங்கள் வராமல் மூன்று புதன்கிழமைகள் போய்விட்டன. அதைப் பற்றிக் கேட்க எழுதவில்லை. நான் சொன்ன ஒரு பிழையைத் திருத்தவே எழுதுகிறேன்.

கடைசியாக வந்த அன்று, பருப்புச் சுற்றி வந்த ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்தைப் பார்த்தபடி, "ரீச்சர், இங்கிலீசிலை 'வூ' (woo) எண்டால் என்ன கருத்து?" என்று கேட்டீர்கள்.

"ஒருத்தியின்ரை மனதைக் கேட்டுத் திரியிறது. வழக்கொழிஞ்ச சொல்லு. இப்ப ஆரும் பாவிக்கிறேல்லை."

"எங்கையிருந்து வந்த சொல்லு?"

"அதை அறிஞ்சு இந்த வயதிலை என்ன செய்யப்போறியள்?"

நீங்கள் சிரிக்கவில்லை. தேநீரையும் குடிக்காமல் சைக்கிளை எடுத்தீர்கள்.

நீங்கள் விட்டுப்போன தாளை நேற்றுத்தான் பார்த்தேன். கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. அந்தச் சொல் எதிலும் இல்லை.

அகராதியை எடுத்தேன். பழைய ஆங்கிலச் சொல்லாம். அதற்கு முன் எங்கிருந்து வந்ததென்று அவர்களுக்கும் தெரியாதாம். ஆனால் வழக்கொழிந்தது என்று போடவில்லை.

என் கணவர் காலமானபின், இந்த வீட்டில் நாலு மணி என்பது உங்கள் சைக்கிள் மணிதான்.

தேநீருக்குச் சீனி இல்லை, பனங்கட்டி இருக்கிறது. புதன்கிழமை வாருங்கள். குறுக்கெழுத்துக் கொண்டுவரத் தேவையில்லை.

பிழையாகச் சொன்ன,
ரீச்சர்