ஆறு வார ஊசி

டாக்குரியா, கல்கத்தா
8-1-1974

அன்புள்ள நாகலக்ஷ்மிக்கு, அண்ணா மஹாதேவனின் ஆசீர்வாதம்.

எல்லாம் நான் முன்னமேயே சொன்னதுதான். நீங்கள் திருச்சிக்குப் போனபோது, அவளுடைய பாங்க் வேலைக்காக என்னிடம் நீ விட்டுப்போன உன் பெண் ஷியாமளா, பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றே, "சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்த குழந்தை, இது இருதயத்தில் போய் நிற்கும்" என்றேன். யார் கேட்டார்கள்? பல் வழியே ரத்தத்தில் ஏறிய கிருமி இருதயத்தின் உள்சவ்வில் குடியேறிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பெனிசிலின் ஏற்றுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். "மஹாதேவன் பாபு, நீங்கள் டாக்டருக்குப் படித்திருக்கலாமே" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாததை நான் சொல்லவில்லை.

படுக்கையாகக் கிடக்கும் உன் வீட்டுக்காரரை விட்டுவிட்டு நீ கிளம்பாதே. நான் இருக்கிறேன்.

மஹாதேவன்


திருச்சி
24-1-1974

அண்ணாவுக்கு நாகலக்ஷ்மி நமஸ்காரம்.

காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகிறது, பசிக்கிறது என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதற்கு ஊசி? குத்த இடமில்லாமல் கை வீங்கியிருக்கிறதாம், வீட்டுக்குப் போகணும் என்று அழுகிறாளாம். போதும். மெட்ராஸ் மெயிலில் ஏற்றி அனுப்புங்கள். என் கை ரசம் சாதத்தில் தேறிவிடுவாள். இதை அவளுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாமல் பெங்காலியிலேயே படிக்க வைத்தது என் தப்பு.

நாகலக்ஷ்மி


டாக்குரியா
18-2-1974

நாகுவுக்கு ஆசீர்வாதம்.

ஷியாமளா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். ரத்தத்தில் கிருமி இல்லை. இருதயத்தில் ஒரு சின்ன இரைச்சல் மட்டும் தங்கியிருக்கிறது. கத்தி வைக்க வேண்டியதில்லையாம். இனிப் பல்லில் கைவைப்பதென்றால் முதலில் மருந்து.

நடுவில் நிறுத்தினால் மிச்சக் கிருமி திரும்பி வந்து வால்வை அரித்துவிடும் என்றார் டாக்டர். இதை மட்டும் நான் முன்னமே சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, மருந்து ஏறும் டியூபைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "அம்மா என்ன எழுதியிருக்கா மாமா?" என்றாள். வாசித்தேன். பிறகு படுத்துக்கொண்டு, கையை நர்ஸ் தீதியிடம் நீட்டினாள்.

இப்போது அந்தக் கடிதத்தைத் தானே படிக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியிலேயே என்னிடம் தமிழ் எழுத்துக் கற்க ஆரம்பித்துவிட்டாள். என் போதனையில் இரண்டே நாளில் 'க' வரிசை வந்துவிட்டது. ஆகவே நாகு, அந்தக் கடிதத்தின் பழைய தேதியே போட்டு, பெரிய எழுத்தில், உடனே ஒரு கடிதம் எழுதி அனுப்பு. அதில் இந்த வரி இருக்கட்டும்: "கண்ணம்மா, கடைசி ஊசி வரைக்கும் போட்டுக்கோ. அம்மா இங்கே தைரியமா இருக்கேன்."

அது நீ எழுதியதில்லை. அன்று உன் கடிதம் என்று நானாக வாசித்தது.

அண்ணா